தங்கவயலின் தூசியும் பிம்பிரியின் பூஞ்சணமும்

பங்காருப்பேட்டைச் சந்திப்பில் இறங்கிக் கிளைப் பாதையில் வண்டி மாறுவோர் கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்னும் சிறு நிலையங்களைக் கடந்து மாரிக்குப்பத்தை அடைவர். அங்கே பாதை முடிகிறது. நிலையத்துக்கு வெளியே கால் வைத்தவுடன் காதில் விழுவது தமிழ். கண்ணில் படுவது மரமற்ற வெளிர்நிற மேடுகள். புதிதாய் வருவோர் அவற்றைக் குன்றுகள் என்றே எண்ணுவர். அவை இயற்கை தந்த குன்றுகள் அல்ல. பாறையைப் பொடியாக்கிப் பொன்னை எடுத்துக்கொண்ட பின் எஞ்சிய மண்ணே மலையாகக் குவிந்து கிடக்கிறது. ஊரார் அதனைச் சயனைடு மலை என்பர்.

பம்பாயிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் பூனாவிலும் வாழும் தமிழ் நேயர்களுக்குத் தங்கவயல் முற்றிலும் அயலூர் அன்று. தமிழகத்துக்கு வெளியே தமிழர் கூட்டமாய்க் குடியேறி உழைத்த ஊர்களுள் அது மூத்தவற்றுள் ஒன்று. அவ்வூரின் பொன்னைப் பற்றிப் பலரும் பேசியுள்ளனர். அங்கு உழைத்தோரின் நுரையீரலைப் பற்றியும், அந்நுரையீரலுக்கு மருந்து தேடிய வரலாற்றைப் பற்றியும், அம்மருந்தைச் செய்யும் கைகளுக்குத் தீங்கு நேராதபடி அறிவியலார் கண்ட வழிகளைப் பற்றியும் இங்கே பேச விரும்புகிறோம். மூன்றும் வெவ்வேறு கதைகள்போலத் தோன்றும். நமக்கு அவை ஒரே கதையாகவே படுகின்றன.

1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்னும் ஆங்கிலக் கம்பெனியார் மைசூர் சமஸ்தானத்துக் கோலார்ச் சீமையில் சுரங்கத் தொழிலை மேற்கொண்டனர். அவருக்கு முன்னரே லவெல் என்னும் பழைய படைவீரர் ஒருவர் உரிமை பெற்றுத் தோண்டிப் பார்த்துக் கைப்பொருள் போதாமல் விலகியிருந்தார். கம்பெனியாரின் மூலதனமும் கார்ன்வால் நாட்டுச் சுரங்கத் தலைவர்களின் அனுபவமும் சேர்ந்த பிறகே தொழில் வேரூன்றியது. ஆனால் துளைக்கவும் வெட்டவும் சுமக்கவும் ஆள் வேண்டுமே! வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து நிலமில்லாத உழவுக் கூலிகள் திரண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் தமிழர். அவருள்ளும் பலர் ஊரில் தீண்டாமைக் கொடுமையால் ஒதுக்கப்பட்டிருந்தவர். கிராமத்தில் கிடையாத ரொக்கக் கூலியும், மேற்சாதியார் கண்முன் குனிந்து நிற்க வேண்டாத வாழ்வும் அவர்களை ஈர்த்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கே வேலை செய்தனர். 1902-ல் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து தொண்ணூறு மைலுக்கு மேல் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தனர். இயந்திரங்களுக்கு மின்சாரம் வந்தது. தொழிலாளர் தங்கியிருந்ததோ மூங்கில் தட்டிகளால் அடைத்த லைன் குடிசைகளில்.

சுரங்கம் ஆழ்ந்துகொண்டே போயிற்று. சாம்பியன் ரீஃப் சுரங்கம் தரைமட்டத்துக்குக் கீழே மூன்று கிலோமீட்டரையும் கடந்தது. அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் அறுபது பாகை செண்டிகிரேடுக்கும் மேல். பாறை தன் பாரத்தைத் தாங்காது வெடித்துச் சிதறும் விபத்துகளும் நிகழ்ந்தன. இவையெல்லாம் கண்ணால் காணும் ஆபத்துகள். சங்கு ஊதும், ஊர் திரளும், கணக்கும் எழுதப்படும். கண்ணுக்குப் புலப்படாத ஆபத்து ஒன்றும் இருந்தது. அதற்குச் சங்கு ஊதவில்லை.

கோலாரின் பொன் படிகக்கல் நரம்புகளில் விரவிக் கிடந்தது. அந்தக் கல் பெரும்பாலும் ஸிலிகா. துளைப்பொறி அதனைக் குடையும்போதும், வெடிமருந்து தகர்க்கும்போதும், ஆலையின் உலக்கைகள் இடிக்கும்போதும் நுண்தூசி எழும். பெருந்துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் தங்கி இருமலோடு வெளிவந்துவிடும். ஒரு மில்லிமீட்டரை இருநூறு கூறாக்கினால் அவற்றில் ஒரு கூறினும் சிறிய துகளே மூச்சுக் குழல்களின் கடைசி நுனிவரை சென்று அங்கேயே தங்குகிறது. அங்கே காவல் இருக்கும் அணுக்கள் கிருமியை விழுங்குவதுபோல் இத்துகளையும் விழுங்குகின்றன. கிருமி செரிக்கும், கல் செரிக்காது. விழுங்கிய அணு மடிகிறது, துகள் விடுபடுகிறது, அடுத்த அணு அதனை விழுங்கி மடிகிறது. மடிந்த இடத்தில் வடு. வடுக்கள் கூடி நுரையீரல் மெல்லத் தோலாய் இறுகுகிறது. இதுவே ஸிலிகோஸிஸ் என்னும் தூசி நோய்.

இத்துடன் நின்றிருந்தாலும் கேடுதான். ஆனால் காசநோய்க் கிருமியைத் தடுத்து நிறுத்த வேண்டியதும் அதே காவல் அணுக்களே. காவலர் மடிந்த கோட்டையில் பகைவன் நுழைவதற்குத் தடை ஏது? ஸிலிகா தூசி படிந்த நுரையீரலில் காசம் எளிதில் பற்றும், பற்றினால் எளிதில் விடாது என்பது உலகச் சுரங்கங்கள் எல்லாவற்றிலும் கண்ட உண்மை. நெருக்கமான லைன் வீடுகளில் ஒருவருக்குக் கண்ட காசம் மனைவி மக்களையும் தொட்டது.

தங்கவயலில் இந்நோயை முறைப்படி ஆராய்ந்தது 1940-க்கும் 1946-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில். ஏழாயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட தொழிலாளரைச் சோதித்தபோது நூற்றுக்கு நாற்பதுக்கும் மேலானவரிடம் தூசி நோயின் அடையாளம் தென்பட்டது. 1947-ல் அது வெளிவந்தது. இந்தியாவில் ஸிலிகோஸிஸ் பற்றிய முதல் அறிக்கை அதுவே என்பர். தொழில் தொடங்கியது 1880-ல். அறிக்கை வந்ததோ அறுபத்தேழு ஆண்டுகள் கழித்து. மேலும் ஒன்றை நேயர்கள் கவனிக்க வேண்டும். அத்தகைய சோதனை வேலையில் இருப்போரையே கணக்கில் கொள்ளும். மூச்சுத் திணறி, வேலையை விட்டு, திருப்பத்தூர்ப் பக்கமோ ஆம்பூர்ப் பக்கமோ சொந்தக் கிராமத்துக்குத் திரும்பியவனை யார் எண்ணியிருப்பர்? புலம்பெயர்ந்தோனின் உழைப்பு சென்ற ஊரின் கணக்கில் ஏறுகிறது; அவன் நோயோ பிறந்த ஊரின் திண்ணையில் கணக்கின்றிக் கிடக்கிறது. இதனை இக்காலத்துக் கட்டட வேலைக்காரர், கல்லுடைப்போர் திறத்திலும் நாம் காண்கிறோம்.

தூசிக்குச் சுரங்கத்தில் கண்ட மாற்று மிக எளியது: தண்ணீர். துளைப்பொறியின் உளி நடுவே நீரைச் செலுத்தித் துளைத்தால் தூசி பறவாமல் சேறாக வழிகிறது. இதனோடு காற்றோட்டமும், வெடி வைத்தபின் புகையும் தூசியும் அடங்கும்வரை ஆட்களை நிறுத்திவைக்கும் வழக்கமும் சேர்ந்தால் தீங்கு பெரிதும் குறையும். நீரை நாம் சற்றே நினைவில் இருத்துவோம். மருந்துக் கதையில் அது மீண்டும் வரும்.

காசத்துக்கு அந்நாளில் மருத்துவர் தரக்கூடியவை ஓய்வு, நல்ல உணவு, தூய காற்று ஆகிய மூன்றே. சுரங்கத் தொழிலாளிக்கு இம்மூன்றையும் எழுதிக் கொடுப்பது, பசித்தவனுக்கு விருந்தை வருணிப்பது போன்றது. உண்மையான மருந்து 1943-ல் பிறந்தது. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்து மாணவர் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்பார் மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து ஸ்ட்ரெப்டோமைஸினைப் பிரித்தெடுத்தார். உயிருள்ள காசக் கிருமியோடு அவர் வேலை செய்தது கட்டடத்தின் நிலவறையில். கிருமி பரவுமோ என்னும் அச்சத்தால் அவ்வாராய்ச்சி மேல்மாடிக்கு வரலாகாதென ஒதுக்கிவைக்கப்பட்டது. இன்றைய காற்று வடிகட்டிப் பெட்டிகளும் பாதுகாப்பு அறைகளும் அவருக்கு இல்லை. பிறர் நுரையீரலைக் காக்கும் மருந்தைத் தன் நுரையீரலைப் பணயம் வைத்தே அம்மாணவர் தேடினார் என்றால் மிகையாகாது. 1952-ல் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டுமே சென்றது. அது வேறு வழக்கு.

ஸ்ட்ரெப்டோமைஸின் தனித்து நின்றால் சில மாதங்களில் கிருமி அதனை எதிர்க்கக் கற்றுக்கொள்கிறது என்பது விரைவில் தெரிந்தது. ஆகவே ‘பாஸ்’ என்னும் மருந்தையும், 1952-ல் வந்த ஐஸோநியாஸிட்டையும் சேர்த்துக் கொடுக்கும் முறை ஏற்பட்டது. ஆனால் ஏழைத் தொழிலாளிக்கு இதனை எங்கே, எவ்வாறு கொடுப்பது? இக்கேள்விக்கு விடை தந்தது சென்னை நகரம் என்பதில் தமிழர் பெருமை கொள்ளலாம். 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை கூடிச் சேத்துப்பட்டில் காசநோய் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கின. ஏறத்தாழ இருநூறு ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவை ஆஸ்பத்திரியிலும் மறு பிரிவை அவர்தம் வீட்டிலும் வைத்து ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தனர். 1959-ல் வெளியான முடிவு, வீட்டில் இருந்தோரும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தனர் என்பது. அவர்களுடைய உணவு ஆஸ்பத்திரி உணவினும் குறைவு, வீடுகளும் நெருக்கமானவை. அவர்தம் வீட்டாருக்கு அதனால் நோய் மிகுதியாய்ப் பரவவும் இல்லை. பின்னர் 1964-ல் அதே நிலையத்தார், வாரம் இருமுறை மருத்துவமனைக்கு வந்து ஸ்ட்ரெப்டோமைஸின் ஊசியும் மிகையளவு ஐஸோநியாஸிட்டும் பெற்றாலே போதும் என்று காட்டினர். வேலையை விட்டால் உணவில்லாத மனிதனுக்கு இதன் பொருள் என்ன என்பதை நாம் விளக்க வேண்டுவதில்லை.

மருந்து இருக்கிறது, கொடுக்கும் முறையும் கண்டாயிற்று. அதனைச் செய்வோர் யார்? இங்கே நாம் பெனிஸிலினின் கதைக்குச் சற்றே திரும்ப வேண்டும். இந்தியா கற்றுக்கொண்டது அதிலிருந்தே.

1928-ல் ஃபிளெமிங் கண்ட பூஞ்சணம் பத்தாண்டுக்கு மேல் ஒரு புதுமையாகவே கிடந்தது. அதிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்தவர்கள் ஆக்ஸ்ஃபோர்டில் ஃபுளோரி, செயின், ஹீட்லி முதலியோர். போர்க்காலம், எதுவும் கிடைக்காது. ஹீட்லி என்பார் பழைய புத்தக அலமாரி, பால் பாத்திரம், குளியல் தொட்டி முதலியவற்றைக் கொண்டு ஒரு பிரித்தெடுக்கும் பொறியைக் கட்டினார். பூஞ்சணம் வளர்ந்த நீரைக் குளிரவைத்து, அமிலம் சேர்த்து, ஈதர் அல்லது அமில் அசிடேட்டோடு குலுக்கினால் பெனிஸிலின் நீரைவிட்டுக் கரைப்பானுக்குள் செல்லும். அமிலத்தில் அது நெடுநேரம் பிழைக்காது. எனவே விரைவாக அதனை மீண்டும் காரநீருக்குள் இழுக்க வேண்டும். இத்திருப்பி இழுக்கும் உபாயமே ஹீட்லியின் நுண்ணறிவு. ஆனால் ஈதர் ஒரு பொறி பட்டாலும் பற்றிக்கொள்ளும். அமில் அசிடேட்டின் ஆவி தலையைச் சுற்றச் செய்யும். இப்பணியைச் செய்யக் கூலிக்கு அமர்த்தப்பட்டோர் ஆறு இளம்பெண்கள். ‘பெனிஸிலின் பெண்கள்’ என்று பின்னாளில் புகழப்பட்டனர். கண்டுபிடித்தோர் பெயரை உலகம் அறியும்; ஆவியை முகர்ந்தோர் பெயரைத் தேடித்தான் அறிய வேண்டும்.

இந்தியாவில் அரசாங்கமே இம்மருந்தைச் செய்ய வேண்டும் என்னும் எண்ணம் விடுதலைக்குப் பின் வலுத்தது. பம்பாய் ஹாஃப்கின் நிலையத்தின் தலைவராய் இருந்த ஸோகே போன்றோர் அதற்காக வாதாடினர். உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியும் உதவ, 1954-ல் பூனாவை அடுத்த பிம்பிரியில் ஹிந்துஸ்தான் ஆண்டிபயாடிக்ஸ் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டே பெனிஸிலின் வெளிவரத் தொடங்கியது. 1962-ல் ஸ்ட்ரெப்டோமைஸினும் அங்கே உற்பத்தியாயிற்று. பூனாவில் வாழும் நேயர்கள் அவ்வாலையை நன்கறிவர். பூஞ்சணத்தையே தாக்கும் ஹாமைஸின் என்னும் மருந்தை மைசூர் நாட்டுத் திருமலாச்சார் தம் குழுவினரோடு கண்டதும் அங்கேதான். பிறநாட்டு மருந்தைப் படியெடுப்பதோடு நில்லாது புதியது காணவும் இந்தியரால் இயலும் என்று காட்டிய செய்தி அது. பின்னர் சோவியத் நாட்டின் துணையோடு 1967-ல் ரிஷிகேசத்திலும் ஓர் ஆண்டிபயாடிக் ஆலை இயங்கத் தொடங்கியது.

இத்தகைய ஆலைகளில் உழைப்போருக்கு இருவகைத் தீங்கு உண்டு. ஒன்று, கரைப்பான்களால் வரும் தீயும் ஆவியும். மற்றொன்று, மருந்தே. சிலருக்குப் பெனிஸிலின் ஒவ்வாது. அதன் பொடியை நாள்தோறும் முகர்ந்தால் ஒவ்வாமை இல்லாதவருக்கும் அது வரக்கூடும். மூச்சுத் திணறலும் தடிப்பும் உண்டாகும். ஸ்ட்ரெப்டோமைஸின் கைத்தோலைப் புண்ணாக்கும். ஊசி போட்ட நர்ஸுகளும் இதற்கு ஆளானதால் கையுறை அணியும் வழக்கம் ஏற்பட்டது. (நெடுநாள் ஊசி பெற்ற நோயாளிகளிற் சிலருக்கு அது செவியின் நிலையறியும் உறுப்பைக் கெடுத்து மயக்கத்தையும் செவிட்டையும் தந்தது என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை.) பெனிஸிலின் வகை மருந்துகளைத் தனிக் கட்டடத்தில், தனிக் காற்றோட்டத்தோடு செய்ய வேண்டும் என்பது இன்று மருந்துத் தொழிலின் விதி. தங்கவயலில் பாறைத்தூசி, இங்கே மருந்துத்தூசி. இரண்டும் போய்ச் சேரும் இடம் ஒன்றே.

ஸ்ட்ரெப்டோமைஸினைப் பிரிக்கும் முறை விரைவிலேயே சீர்பட்டது. முதலில் கரித்தூளில் அதனைப் படியவைத்து அமிலம் கலந்த சாராயத்தால் கழுவி எடுத்தனர். பின்னர் அயனி மாற்றும் பிசின் மணிகள் வந்தன. குழாயில் நிரப்பிய மணிகளின் ஊடே நீரைச் செலுத்தினால் மருந்து மணியில் ஒட்டிக்கொள்ளும். பிறகு நீர்த்த அமிலத்தால் கழற்றிக்கொள்ளலாம். தீப்பற்றும் திரவத்தின் தேவை பெரிதும் அகன்றது. பெனிஸிலினுக்கோ வழி அவ்வளவு எளிதாக அமையவில்லை.

பூஞ்சணத்தின் துணையின்றி, முற்றிலும் இரசாயன முறையில் பெனிஸிலினைக் கட்டிவிட முடியாதா என்று போர்க்காலத்தில் இரு கண்டங்களின் வேதியியலாரும் முயன்று தோற்றனர். 1945-ல் டோரத்தி ஹாட்ஜ்கின் அம்மையார் எக்ஸ் கதிரால் அதன் அமைப்பைக் கண்டறிந்தபோது தோல்வியின் காரணம் விளங்கியது. அதன் நடுவே நான்கு அணுக்கள் கொண்ட இறுக்கமான வளையம் ஒன்று இருக்கிறது. வளைத்துக் கட்டிய மூங்கில் வில் போன்றது. சூட்டையும் அமிலத்தையும் பொறாமல் தெறித்துவிடும். 1957-ல் அமெரிக்காவில் ஷீஹன் என்பார் ஒன்பதாண்டு உழைப்புக்குப் பின் மென்மையான வினைகளால் அவ்வளையத்தைக் கட்டிவிட்டார். அறிவியலுக்கு அது வெற்றி, வாணிகத்துக்கு உதவவில்லை. பூஞ்சணம் மலிவாகச் செய்வதை மனிதன் பெருஞ்செலவில் செய்வானேன்?

பயன்பட்டது நடுவழி. பூஞ்சணம் தரும் பெனிஸிலினில் ஒரு கருவும் அதனோடு ஒட்டிய ஒரு வாலும் உண்டு. வாலை நீக்கிக் கருவை மட்டும் எடுத்தால், வேறு வேறு வால்களை ஒட்டிப் புதுப்புது மருந்துகளைச் செய்யலாம். இங்கிலாந்தின் பீச்சம் கம்பெனி ஆராய்ச்சியாளர் 1957-ல் அக்கருவைத் தனியே பிரித்தனர். 1959-ல் உலகறிய வெளியிட்டனர். அதிலிருந்து மெதிஸிலினும் ஆம்பிஸிலினும் பின்னர் அமாக்ஸிஸிலினும் பிறந்தன. இன்று நம் வீடுகளில் சளிக்கும் காதுவலிக்கும் பலர் கேட்டும் கேளாமலும் விழுங்கும் மாத்திரை அந்தக் கருவிலிருந்து வந்ததே.

வாலை எவ்வாறு வெட்டுவது? 1970-களில் பரவிய இரசாயன முறையை நாம் சற்று விரித்துக் கூறுவோம். கருவின் வளையம் தெறிக்காமல் இருக்க எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கீழ் நாற்பது பாகைவரை குளிர்விக்க வேண்டும். ஈரத்தின் சாயலும் ஆகாது. கரைப்பான் மெத்திலீன் குளோரைடு. அதன் ஆவி மயக்கம் தரும், ஈரலுக்கும் ஆகாது. வெட்டும் கத்தியோ பாஸ்பரஸ் பென்டாகுளோரைடு. ஒரு சொட்டு நீர் பட்டாலும் சீறி, உப்பமிலப் புகையைக் கக்கும். கண்ணையும் மூச்சுக்குழலையும் சுடும். குளிர்ப்பொறி நின்றாலோ, குழாய் கசிந்தாலோ, அருகில் நிற்பவன் கதி என்ன? நீரைக் கண்டு அஞ்சும் தொழிற்சாலை அது.

மாற்று வழி இயற்கையிடமே இருந்தது. நம் குடலில் வாழும் நுண்ணுயிரின் ஓரினம் பெனிஸிலின் வாலைத் துண்டிக்கும் நொதி ஒன்றைச் சுரக்கிறது. அந்நொதிக்குக் குளிரும் வேண்டாம், நச்சும் வேண்டாம். வெறும் நீரில், மனித உடம்பின் சூட்டில், கருவைத் தொடாமல் வாலை மட்டும் வெட்டுகிறது. தொடக்க நாளில் இதற்கிருந்த குறை, ஒருமுறை கலந்த நொதியை மீட்க முடியாது, ஒவ்வொரு தடவையும் புதிது வேண்டும், செலவு கட்டாது. 1969-ல் ஜப்பானின் தனபே கம்பெனியார் அமினோ அமிலத் தொழிலில் ஒரு வழி காட்டினர். நொதியைச் சிறு மணிகளில் பிணைத்துவிட்டால், நீர் ஓடும்; நொதி நிற்கும். அவ்வழியைப் பெனிஸிலினுக்கும் பலநாட்டார் பின்பற்றினர். பெனிஸிலின் கரைசல் மணிகளின் ஊடே செல்கிறது. வெட்டுண்ட வால் ஓர் அமிலமாகையால் நீர் புளிக்கத் தொடங்கும். புளித்தால் நொதி சோரும். ஆகவே சொட்டுச் சொட்டாகக் காரம் விட்டுச் சமன் செய்கின்றனர். கரு நீரிலிருந்து வெண்பொடியாகப் படிகிறது. வாலைத் திரும்பவும் பூஞ்சணத்துக்கு ஊட்டலாம். மணிகளைப் பலநூறு தடவை பயன்படுத்தலாம்.

இவ்வழியில் இந்தியரும் பின்தங்கவில்லை. பூனாவில் 1950-ல் தோன்றிய தேசிய இரசாயன ஆய்வுக்கூடத்தில் சிவராமன் முதலான உயிர்வேதியியலார், நொதியைத் தனியே பிரிக்கும் செலவையும் மிச்சப்படுத்த, நுண்ணுயிரின் அணுக்களை அப்படியே மணிகளில் நிலைநிறுத்தும் முறையை ஆராய்ந்தனர். ஆய்வுக்கூடத்துக்கும் பிம்பிரி ஆலைக்கும் இடையே சில மைல் தூரமே. குடுவையில் கண்டதைத் தொட்டியில் செய்து பார்க்க அந்த அண்மை உதவியது.

மருந்துக் கதையில் நீர் மீண்டும் வரும் என்றோமே, அது இவ்விடம். சுரங்கத்தில் வறண்ட உளி தூசியைக் கக்கியது; உளியில் நீர் புகுந்தபோது மூச்சு இலேசாயிற்று. ஆய்வுக்கூடத்தில் நீரை விலக்கிய முறை புகையைக் கக்கியது. நீரிலேயே நிகழும் முறை வந்தபோது புகை அகன்றது. இரண்டு மாற்றங்களிலும் உழைப்போனுக்கு முகமூடி தந்து ‘எச்சரிக்கையாய் இரு’ என்று அறிவுரை கூறியதோடு நிற்கவில்லை. ஆபத்தைப் பிறப்பிக்கும் முறையே மாற்றப்பட்டது. முகமூடி வேண்டாம் என்று நாம் கூறவில்லை. பூமிக்கடியில் கொதிக்கும் வெப்பத்தில் எட்டுமணி நேரம் முகமூடியோடு பாறை துளைக்கச் சொல்வது எத்துணை நடைமுறைக்கு ஒவ்வாதது என்பதை அங்கு உழைத்த குடும்பங்கள் அறியும்.

எனினும் ஆபத்து அகன்றதா, இடம் பெயர்ந்ததா என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. இக்கேள்வியைக் கேட்கத் தங்கவயலினும் தகுந்த இடம் இல்லை. பொன்னைப் பிரிக்க அங்கே கையாண்ட சயனைடு கொடிய நஞ்சு. ஆயினும் கரைசலில் சுண்ணாம்பைச் சேர்த்துக் காரமாக வைத்திருந்தால் அதிலிருந்து நச்சுவாயு எழாது. அமிலம் பட்டால்தான் எழும். சுண்ணாம்பு ஆலையின் உள்ளே உழைப்போரைக் காத்தது. வெளியே கொட்டிய மண் மலையாயிற்று. அதற்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. மருந்துத் தொழிலிலும் இது நேர்ந்தது. 2007-ல் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் ஹைதராபாத்தை அடுத்த பட்டஞ்செருவில், பல மருந்தாலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளிவிடும் நீரைச் சோதித்தனர். ஸிப்ரோஃபிளாக்ஸஸின் என்னும் கிருமிக்கொல்லி, அம்மருந்தை உண்ட நோயாளியின் இரத்தத்தில் காணும் அளவினும் மிகுதியாக அந்நீரில் இருந்தது. அத்தகைய நீரில் வாழப் பழகிய கிருமி எம்மருந்துக்கும் அஞ்சாத கிருமியாகும். உள்ளே கைகளைக் காத்த தொழில், வெளியே ஓடையை மறந்தது.

இன்னொரு புறம் வாணிகத்தின் கதை. மலிவான சீனப் பெனிஸிலினோடு போட்டியிட இயலாமல், இந்தியாவில் பூஞ்சணத்தை வளர்த்துப் பெனிஸிலின் எடுக்கும் தொழில் இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அற்றுப்போயிற்று. பிம்பிரி பெற்ற முன்னோடிப் பெருமை அதனைக் காக்கவில்லை. 2024-ல்தான் ஆந்திரத்துக் காக்கிநாடாவை அடுத்து மீண்டும் ஒரு பெரிய ஆலை எழுந்தது. கற்ற வித்தையைக் கைவிட்டு இருபதாண்டு கழித்துத் திரும்பக் கற்பது எளிதன்று. தொழிலாளரின் கைப்பழக்கம் ஏட்டில் எழுதிவைக்கத் தக்கதன்று.

தங்கவயலின் சுரங்கங்கள் 1956-ல் மைசூர் அரசின் உடைமையாயின. பின்னர் மத்திய அரசின் கீழ்ச் சென்று 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் என்னும் பெயர் பெற்றன. ஏறத்தாழ எண்ணூறு டன் பொன்னைத் தந்த பின், 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. சுரங்கத் தொழிலாளரின் பேரன்மார் இப்போது விடியுமுன் மாரிக்குப்பத்தில் வண்டியேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர்.

காசத்துக்கு இன்று ஆறுமாத மருந்து உண்டு. இத்தாலியர் மண்ணிலிருந்து கண்டு, ஆய்வுக்கூடத்தில் திருத்தியமைத்த ரிஃபாம்பிஸின் அதன் தூண். அரசு மருத்துவமனையில் அதற்கு விலை இல்லை. ஸ்ட்ரெப்டோமைஸின் ஊசியின் தேவை பெரிதும் ஒழிந்தது. ஆனால் ஸிலிகா தூசி இட்ட வடுவைக் கரைக்கும் மருந்து பூஞ்சணத்திலும் பிறக்கவில்லை, குடுவையிலும் பிறக்கவில்லை. தூசியை விட்டு விலகிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னும் அந்நோய் வளரும். மாரிக்குப்பத்திலும் சாம்பியனிலும் காற்றுக் காலத்தில் சயனைடு மலையிலிருந்து வெண்தூசி கிளம்பி வீடுகளின்மேல் இறங்குகிறது. அந்நாட்களில் அங்குள்ள தாய்மார் சாளரங்களை அடைத்து, குடத்து நீரைத் துணியால் மூடிவைக்கின்றனர்.